சந்தனத்துக்கு ஏன் எறும்பு வந்தது?

“இதை ரிப்பேர் பண்ண வேண்டாங்க. இது என்னிக்கிலேர்ந்து கெட்டுப் போயிருக்குன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, போதும்” என்றாள் அந்தப் பெண்.

வேறு நாளாக இருந்தால் பாஸ்கரன் சிரித்திருப்பார். ஆனால் அவள் மேசைமேல் வைத்த லேப்டாப்பைப் பார்த்ததுமே அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஓசூர் பாகலூர் சாலையில் இருக்கும் ஜோதிமணியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்ததிலிருந்து அவர் பார்க்காத அசிங்கம் இல்லை. சாவிகளுக்கு நடுவே முறுக்குத் தூள், விசிறிக்குள் கரப்பான் முட்டை, திரை முழுக்கத் தும்மல். டை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் பேசுகிறவன் எல்லாம் தன் கம்ப்யூட்டரை வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் மனுஷ ஜாதி மேலேயே வெறுப்பு வந்துவிடும். பாஸ்கரன் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் காலம் தள்ளி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். கண்ணில் ஒரு தூசி பட்டால் அவர் கை சும்மா இருக்காது. டீக்கடையில் டம்ளரைக் கொடுத்தால்கூட விளிம்பைக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

இந்த லேப்டாப்பின் முன்விளிம்பு நெடுக, பொட்டுப் பொட்டாக, மஞ்சளாக எதையோ அப்பிக் காயவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் குங்குமம். போதாததற்குச் சின்னச் சின்னச் செவ்வெறும்புகள் அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன.

“கருமம்!” என்று முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணியை எடுத்து மேல்மூடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜோதிமணி எதிரே வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். இந்தக் கடையைப் போடுவதற்கு முன் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கே தலைவியாக இருந்தவள். அவசரப்பட்டு அவளை யாரும் பார்த்ததில்லை. “முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் ஆதியிலேர்ந்து சொல்லுங்க” என்றாள்.

“என் பேர் வினிதாங்க. ஊர் துறையூர் பக்கம். சிப்காட்டுல தகடு அடிக்கிற ஒரு பிரஸ் கம்பெனியில டிசைன்ல இருக்கேன். இது கம்பெனி லேப்டாப்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் புதுசா என் கையில குடுத்தாங்க. பூஜை முடிஞ்சு, போன சனிக்கிழமை சாயந்திரம், எங்க புது டை, அதான் தகடு அழுத்துற அச்சு, அதோட டிராயிங் இன்னொரு கம்பெனிக்கு மெயில்ல போயிருக்கு. என் மெயில்லேர்ந்து. அத்திப்பள்ளி போற வழியில ஹைவேயில ஒரு காபிக் கடை இருக்கே, அங்கே வர்றவங்களுக்கெல்லாம் வயர்லெஸ் ஓசி. அங்கேயிருந்துதான் போயிருக்குன்னு நேத்து கண்டுபிடிச்சாங்க. நான் அங்கே உட்கார்ந்து அனுப்பினதை எங்க மேனேஜர் மோகன்குமார் சார் தன் கண்ணால பார்த்ததாச் சொல்றார்.”

“நீங்க அங்கே போகலை?”

“சத்தியமா இல்லைங்க. அன்னிக்குச் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலுக்குத் தனியாப் போனேன். பார்த்தவங்க யாரும் கிடையாது. நேத்து என்னை நிக்க வச்சு இப்படிக் கேட்டதும் ஆத்திரம் தாங்கலை. நேரா அந்தக் காபிக் கடைக்கே போய் இதைத் திறந்தேன். அங்கே இருக்கிற எல்லாருக்கும் நெட் வருது, இதுல மட்டும் வரலை. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு ஓட்டல்ல போய்ப் பார்த்தேன். அங்கேயும் வரலை. பப்ளிக் நெட்வொர்க் ஒண்ணையும் இது காட்ட மாட்டேங்குது. இதுல எப்படிங்க நான் அனுப்பியிருக்க முடியும்னு ஜி.எம். கிட்ட ஓடிப் போய்ச் சொன்னா, ‘மாட்டிக்கிட்டதும் நீயே கெடுத்து வச்சுட்டியா?’ன்னு மோகன்குமார் சார் சிரிக்கிறார். இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை. லேப்டாப்பை ஒப்படைச்சுட்டுப் பதில் சொல்லணும்.”

அவள் குரல் அதுவரை திடமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் உடைந்தது.

“வேலை போறதுகூட அப்புறம்தாங்க. அவர் எங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணியிருக்கார். ‘உங்க பொண்ணு யாரோ ஒருத்தனோட காபிக் கடையில ஒட்டி உட்கார்ந்துக்கிட்டு இந்தக் காரியம் பண்ணுது, பெரியவங்க நீங்க கண்டிக்கணும்’னு. கேன்டீன்லயும் அதையே சொல்லி வச்சிருக்கார். அப்பா, ‘ராத்திரி பஸ் ஏறி வந்து சேர்’னு ஒரே வார்த்தைதான் சொன்னார். ஃபோனை வச்சுட்டார். அதுக்கப்புறம் நான் கூப்பிட்டா எடுக்கலை.”

“தூ!” என்றார் பாஸ்கரன். இந்த மாதிரி ஆள் திருட்டுப் பட்டம் கட்டுவதோடு விடமாட்டான் போலிருக்கிறது, பெண்ணாக இருந்துவிட்டால் பக்கத்தில் ஒரு ஆளையும் உட்கார்த்தி வைத்துவிட்டுத்தான் அடங்குவான். கையிலிருந்த துணியால் சாவிகளை அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

ஜோதிமணி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி ஆன் செய்தாள். பக்கத்திலேயே தன் சொந்த லேப்டாப்பையும் வைத்தாள். அவளுடையது கடையின் நெட்வொர்க்கையும், மாடியில் இருக்கும் டிராவல்ஸ்காரனுடையதையும், இன்னும் யார் யாருடையதையோ காட்டியது. வினிதாவினுடையது எதையுமே காட்டவில்லை.

“வினிதா, நீங்க ஒரு வார்த்தையைத் தப்பாச் சொல்றீங்க. பப்ளிக் நெட்வொர்க் வரலைன்னு சொல்றீங்க. இது என் கடை நெட்வொர்க்கையும்தான் காட்டலை. ஃபேக்டரியில உங்களுக்கு நெட் எப்படி?”

“கேபிள்ங்க. ஷாப் ஃப்ளோர்ல, அதான் மெஷின் ஓடற இடத்துல, வயர்லெஸ் கூடாது, கேபிள்தான் சொருகணும்னு சொல்லித்தான் கம்ப்யூட்டர் பார்த்துக்கிற சிஸ்டம்ஸ் பிரிவுல இதைக் குடுத்தாங்க.”

“ஹாஸ்டல்ல?”

“அங்கே கரண்டே ஒழுங்கா இருக்காதுங்க. நெட்டுக்கு எங்கே போறது?”

“அப்போ நேத்துக்கு முன்னாடி நீங்க இதுல வயர்லெஸ்ஸைத் தேடினதே கிடையாது. நேத்துதான் கெட்டுச்சுன்னு நீங்களும் சொல்ல முடியாது, உங்க மேனேஜரும் சொல்ல முடியாது.”

வினிதா தலையசைத்தாள். “ஆமாங்க, தேடினதே இல்லை” என்றாள்.

பாஸ்கரனுக்குப் பரபரப்புத் தொற்றிக்கொண்டது. “வைரஸ் மேடம்! சந்தேகமே வேண்டாம். இல்லைன்னா அந்த ஆள் வயர்லெஸ்ஸோட டிரைவர் சாஃப்ட்வேரைப் புடுங்கிப் போட்டிருப்பான்!”

“டிரைவர் நல்லா இருக்கு சார். கார்டும் இருக்கு. சிக்னல் பிடிக்கிற ரேடியோ மட்டும் அணைஞ்சு கிடக்கு. ஸ்கிரீன்லேர்ந்து ஆன் பண்ணினா ஆக மாட்டேங்குது. அப்படின்னா வெளியில, லேப்டாப் உடம்புல எங்கேயோ ஒரு சுவிட்ச் இருக்கணும். அதை யாரோ அணைச்சிருக்கணும்.”

அவள் யோசித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். பாஸ்கரன் மேல்மூடியை முடித்து, சாவிகளை முடித்து, துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து, அந்த முன்விளிம்பில் கை வைக்கப் போனார். எறும்போடு சேர்த்து அத்தனை மஞ்சளையும் ஒரே இழுப்பில் எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குக் கை அரித்தது.

“துடைக்காதீங்க!”

ஜோதிமணி குரலை உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. துணி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

அவள் அந்த லேப்டாப் மாடலின் படத்தை நெட்டில் தேடி எடுத்து அவருக்குக் காட்டினாள். முன்விளிம்பில், இடது கோடியில், நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன சுவிட்ச். அதை ஒட்டி ஒரு குட்டி விளக்கு. இரண்டும் சேர்ந்து ஒரு விரல்நுனி அகலம்தான். வினிதாவின் லேப்டாப்பில் அந்த இடத்தில் இருந்தது ஒரு தடித்த மஞ்சள் பொட்டு.

“இதை வச்சது யாரு?”

“ரங்கம்மா அக்காங்க, எங்க ஆபீஸ் அட்டெண்டர். ஆயுத பூஜை அன்னிக்கு எல்லா மெஷினுக்கும் அவங்கதான் சந்தனம் குங்குமம் வைப்பாங்க. கம்ப்யூட்டரையும் வரிசையா அடுக்கி வச்சிருந்தோம். ஸ்கிரீன்லயும் கீபோர்டுலயும் வேண்டாங்கக்கான்னு கெஞ்சினேன். சரின்னு விளிம்புல வச்சாங்க. அடுத்த பூஜை வரைக்கும் கழுவக் கூடாதுன்னு சொன்னாங்க. நானும் விட்டுட்டேன்.”

ஜோதிமணி மேசை விளக்கை இழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்தப் பொட்டைப் பார்த்தாள். பாஸ்கரனையும் பார்க்கச் சொன்னாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். மஞ்சள் பூச்சு லேப்டாப்பின் உடம்பிலிருந்து சுவிட்சின் மேலேறி, விளக்கையும் மூடி, மறுபடி உடம்பில் இறங்கி ஒரே ஓடாகக் காய்ந்திருந்தது.

“விரிசல் எங்கேயாவது இருக்கா? உங்க பழைய வேலைதான் சார் இது.”

“ஒரு முடி அளவுகூட இல்லை, மேடம்.”

“நல்லது” என்றவள், வலது கோடியில் இருந்த வேறொரு பொட்டிலிருந்து நகத்தால் கொஞ்சம் சுரண்டினாள். எறும்பை ஊதிவிட்டாள். சுரண்டியதை நாக்கில் வைத்தாள்.

“மேடம்! ஐயையோ, சீச்சீ! எத்தனை பேர் கை பட்டுச்சோ, எறும்பு மொய்ச்சது!” பாஸ்கரனுக்கு உண்மையாகவே தொண்டைவரை வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இனிக்குது சார்” என்றாள் ஜோதிமணி, வாயைக் கொப்பளிக்காமலே. பிறகு வினிதாவிடம், “உங்க மெயில் பாஸ்வேர்ட் வேற யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள்.

வினிதா தலையைக் குனிந்துகொண்டாள். “ஆவணி மாசம் அக்கா கல்யாணத்துக்கு லீவுல போயிருந்தேன். அவசரமா ஒரு ஃபைல் வேணும்னு மோகன்குமார் சார் ஃபோன்ல கேட்டார். சொன்னேன். அப்புறம் மாத்தலைங்க.”

ஜோதிமணி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கம்பெனியின் லேப்டாப்புகள் பழுதானால் அவள் கடைக்குத்தான் வரும் என்பதால் ஜி.எம். அண்ணாதுரையை அவளுக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டு, மூணு மணிக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

லேப்டாப்பை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, விளிம்பு எதிலும் படாதபடி தெர்மோகோல் அடைத்து, மேலே துணி போட்டு மூடினார்கள். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் பாஸ்கரன். சிப்காட் போய்ச் சேருவதற்குள் பெட்டியிலிருந்து புறப்பட்ட எறும்புகள் அவர் சட்டைக்குள் புகுந்து, இன்ன இடம் என்று சொல்ல முடியாத இடத்தில் எல்லாம் கடித்தன. பெட்டியை விட்டுக் கையை எடுக்கவும் முடியவில்லை. உலகத்தில் அவருக்குப் பிடிக்காதது அத்தனையும் அன்றைக்கு அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தது.

ஜி.எம். அறையில் அண்ணாதுரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மோகன்குமார். வழுவழுவென்று சவரம் செய்த முகம், சட்டைப்பையில் இரண்டு பேனா, அறை முழுக்க சென்ட் வாசனை. அவன் முன்னால் அவனுடைய லேப்டாப் திறந்திருந்தது. அதன் முன்விளிம்பில் ஒரு நீல விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. சலவை வேஷ்டி மாதிரி அப்படி ஒரு சுத்தம் அந்த லேப்டாப். மற்ற நாளாயிருந்தால் பாஸ்கரன் மெச்சியிருப்பார். பூஜையன்று சந்தனம் வைக்க அவன் அதைக் கொடுக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

“என்னம்மா ஜோதிமணி, இதுல என்ன கோளாறு?” என்றார் அண்ணாதுரை.

“சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி மோகன்குமார் சார் பார்த்ததை அவர் வாயால கேட்டுக்கிட்டா, ரிப்பேர்காரிக்கு உபகாரமா இருக்கும்.”

மோகன்குமாருக்குச் சொல்லக் கசக்குமா? காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். “போன சனிக்கிழமை சாயந்திரம் அத்திப்பள்ளி பக்கம் போயிட்டு வந்தேன். காபி குடிக்கலாம்னு அந்தக் கடையில வண்டியை நிறுத்தினேன். கண்ணாடி ஜன்னலோரம் இந்தப் பொண்ணு உட்கார்ந்திருக்கு. கூட ஒருத்தன். அவன் யாரு என்னன்னு நான் கேட்கலை, எனக்கு எதுக்கு அந்த அசிங்கம்? பொண்ணைப் பெத்தவங்களுக்குத் தெரியணும்னுதான் அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை போட்டேன்.”

வினிதா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். பாஸ்கரனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அசிங்கமாம்! வாயைத் திறந்தாலே சாக்கடை, இதில் அசிங்கம் பிடிக்காதாம் துரைக்கு.

“இதே லேப்டாப்தானா சார்?” என்றாள் ஜோதிமணி.

“இதேதான். மூடியில கம்பெனி ஸ்டிக்கர் இருந்துச்சு.”

“வயர்லெஸ் அப்போ வேலை செஞ்சுதுன்னு நிச்சயமாத் தெரியுமா? ஒருவேளை சும்மா திறந்து வச்சிருந்தாங்களோ என்னவோ.”

“என்னங்க கேள்வி இது? முன்னாடி வயர்லெஸ் லைட் நீலமா மின்னிக்கிட்டே இருந்துச்சே! அது எரிஞ்சா கனெக்‌ஷன் இருக்குன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நேத்து இவளே எதையோ கெடுத்து வச்சுட்டு, நெட்வொர்க் வரலைன்னு நாடகம் போடுறா.”

“நீலமா. சரி சார்.”

ஜோதிமணி பெட்டியின் துணியை விலக்கி லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். “அண்ணாதுரை சார், கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. இதுல வயர்லெஸ் சுவிட்ச் இந்த இடது கோடியில இருக்கு. பக்கத்திலேயே அதோட லைட். ரெண்டும் இந்தப் பொட்டுக்கு அடியில இருக்கு. சுவிட்சை ஒரு தடவை அசைச்சிருந்தாலும் இது பொடிப்பொடியா உதிர்ந்திருக்கும். ஒரு விரிசல்கூட இல்லை. ஷாப் ஃப்ளோர்ல வயர்லெஸ் கூடாதுங்கிறது உங்க சட்டம், அதனால உங்க சிஸ்டம்ஸ்லேயே அணைச்சுக் குடுத்திருக்காங்க. மறுநாள் பூஜை. ரங்கம்மா மேல பொட்டு வச்சு முத்திரை போட்டுட்டாங்க. அன்னியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் இந்த லேப்டாப் எந்த வயர்லெஸ்ஸையும் தொடலை. அந்தக் காபிக் கடையில கேபிளும் கிடையாது.”

அண்ணாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

மோகன்குமார் சிரித்தான். “ஆஹா, பிரமாதம். கடையில சந்தனப் பொடி வாங்கிக் குழைச்சு யார் வேணா அப்பலாம். காலையில அப்பியிருப்பா, வெயில்ல காய வச்சிருப்பா.”

“நீங்க கேட்பீங்கன்னு தெரியும் சார். சந்தனத்தை யார் வேணா அப்பலாம். ஆனா சந்தனத்துக்கு எறும்பு வருமா?” ஜோதிமணி அண்ணாதுரையைப் பார்த்தாள். “ரங்கம்மாவைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?”

கூப்பிடவே தேவைப்படவில்லை. ரங்கம்மா டீத்தட்டோடு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள், தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. தொரப்பள்ளிப் பக்கத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், ஆபீஸில் தமிழ். பயம் வந்தால் மூன்றும் கலந்துவிடும்.

“அய்யோ தேவுடா! சார், நான் திருடலை சார்! நம்ம மாரியம்மா மேல ஆணை!”

“உங்களை யாரும் திருடின்னு சொல்லலைம்மா. பூஜைக்கு என்னத்தைக் குழைச்சீங்க, அதை மட்டும் சொல்லுங்க” என்றாள் ஜோதிமணி.

ரங்கம்மா அண்ணாதுரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். “போன வருஷம் நல்ல சந்தனம்தான் சார் வச்சேன். மெஷின் ஆடுற ஆட்டத்துல சாயந்திரத்துக்குள்ள எல்லாம் கொட்டிப் போச்சு. சாமி காரியத்தை ஒழுங்காச் செய்யலைன்னு மேனேஜர் சார் எல்லார் முன்னாடியும் கத்தினார். அதான் இந்த வருஷம் மைதா மாவு காய்ச்சிப் பசை பண்ணி, மஞ்சளும் சந்தனமும் போட்டுக் கலக்கினேன். பொரிக்கு வெல்லம் கரைச்ச பாத்திரம் இருந்துச்சு, கழுவாம அதுலயே காய்ச்சிட்டேன். நல்லாப் புடிச்சுக்கிச்சு, ஒண்ணும் கொட்டலை. சாமிக்கு மைதா வச்சேன்னு தெரிஞ்சா வேலையை விட்டு எடுத்துடுவீங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலை சார். இந்தப் பொண்ணுக்குக்கூடத் தெரியாது.”

“கதை!” என்றான் மோகன்குமார். ஆனால் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அதற்குள் பாஸ்கரன் அறையில் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஷாப் ஃப்ளோருக்குள் ஓடினவர், முதலில் கண்ணில் பட்ட பெரிய பிரஸ் மெஷினின் முன்னால் நின்றார். கிரீஸும் எண்ணெயும் வழியும் அந்த இரும்பு நெற்றியில் அதே மஞ்சள் பொட்டு. கீழேயிருந்து அதுவரைக்கும் ஒரு எறும்பு வரிசை. பக்கத்து டிரில்லிங் மெஷினிலும் எறும்பு. வருகை அட்டையைப் பஞ்ச் அடிக்கிற கடிகாரத்திலும் எறும்பு. அங்கேயிருந்த ஆபரேட்டர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, பாஸ்கரன் பிரஸ் மெஷின் பொட்டில் ஒரு சில்லைப் பேர்த்தார். கையில் வைத்துப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாக்கில் வைத்துவிட்டார்.

திரும்பி வந்தவருடைய முகத்தைப் பார்த்து அண்ணாதுரையே எழுந்துவிட்டார்.

“இனிக்குது மேடம்” என்றார் பாஸ்கரன். “கூடவே கிரீஸும் சேர்ந்து இனிக்குது.” ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் துப்பிவிட்டு வந்தார்.

“இந்த ஃபேக்டரி முழுக்க ஒரே கை வச்ச ஒரே பசை சார்” என்றாள் ஜோதிமணி. “அதுல என்ன கலந்திருக்குன்னு வச்சவங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாததை வினிதா எப்படிக் காலையில குழைச்சிருக்க முடியும்? இப்போ எல்லார் முன்னாடியும் இதை உடைக்கிறேன்.”

அவள் நகத்தை வைத்து அழுத்தினாள். பொட்டு படக்கென்று உடைந்து மேசையில் சிதறியது. உள்ளே சுவிட்ச் அணைந்த பக்கமே இருந்தது. அதை மறுபக்கம் தள்ளினாள். பக்கத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் துணுக்கை ஊதினாள். திரையில் நெட்வொர்க் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அந்தக் குட்டி விளக்கு எரிந்தது.

பச்சையாக எரிந்தது.

எல்லோருடைய கண்ணும் மேசையின் இன்னொரு பக்கம் திரும்பியது. அங்கே மோகன்குமாரின் சுத்தமான லேப்டாப்பில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவன் அதைக் கையால் மூடினான்.

“தினமும் பார்க்கிற லைட்டைத்தான் சொல்லியிருக்கார்” என்றாள் ஜோதிமணி. “சனிக்கிழமை சாயந்திரம் வினிதா அங்கே இருந்தாங்கன்னு சொல்ல இவர் ஒருத்தர்தான் சாட்சி. இவர் அங்கே இருந்தார்ங்கிறதுக்கும் இவர்தான் சாட்சி. வினிதாவோட பாஸ்வேர்டும் இவருக்குத் தெரியும். மெயில் எந்தக் கம்பெனிக்குப் போச்சுன்னு நீங்க பார்த்திருப்பீங்க. அதுக்கு மேல உங்க விஷயம்.”

அண்ணாதுரையின் முகம் கறுத்துவிட்டது. “தீபாவளி முடிஞ்சதும் வேலையை விட்டுட்டுப் போறேன்னு சொன்னியேடா” என்றார் மெதுவாக. “அத்திப்பள்ளியில நல்ல இடம் கிடைச்சிருக்குன்னு. மெயில் போனதும் அத்திப்பள்ளிக் கம்பெனிக்குத்தான். போற இடத்துக்குச் சீர் வரிசையா நம்ம டிராயிங்கா?”

மோகன்குமார் நெற்றியைத் துடைத்தான். “சார், அது வந்து, அவங்க வற்புறுத்தினாங்க. ஒரே ஒரு டிராயிங்தான் சார்” என்று இழுத்தான். அவன் சென்ட் வாசனையோடு வேர்வை நாற்றமும் கலந்து வந்தது. பாஸ்கரனுக்கு வாயில் இருந்த கிரீஸ்கூட அதைவிடத் தேவலை என்று தோன்றியது.

அண்ணாதுரை கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு வினிதாவிடம் திரும்பினார். “நடந்தது நடந்து போச்சும்மா. உன் மேல தப்பில்லை. இவனை இன்னியோட அனுப்பிடறேன். வெளியில தெரிஞ்சா கம்பெனிக்குத்தான் கேவலம். நீ இதையெல்லாம் துடைச்சுப் போட்டுட்டு நாளையிலேர்ந்து வேலையைப் பாரு.”

பாஸ்கரனால் தாங்க முடியவில்லை.

“துடைக்கிறதுல உங்களைவிட எனக்கு அனுபவம் ஜாஸ்தி சார்” என்றார். “இதைத் துடைச்சீங்கன்னா கறை இந்தப் பொண்ணு மேலதான் நிக்கும். நீங்க சுத்தமாயிடுவீங்க, அவனும் சுத்தமாயிடுவான். இதுவா சார் நியாயம்? சீ!”

“பாஸ்கரன் சார்” என்று ஜோதிமணி அவர் தோளைத் தொட்டாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

வினிதா எழுந்து நின்றாள். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது மோகன்குமாரை நேராகப் பார்த்தாள். “எனக்கு வேலை வேணும் சார். ஆனா கேன்டீன்ல சொன்னதை இவர் கேன்டீன்லயே திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் நான் வேலைக்கு வருவேன்.”

அண்ணாதுரை அவளைப் பார்த்தார். ரங்கம்மாவைப் பார்த்தார். மேசையில் சிதறிக் கிடந்த மஞ்சள் துணுக்குகளையும், அதற்குள் அதைத் தேடி வந்துவிட்ட எறும்புகளையும் பார்த்தார். “நடடா” என்றார்.

முதல் ஷிப்ட் முடிந்து, இரண்டாவது ஷிப்ட் ஏறுகிற நேரம். கேன்டீனில் உட்கார இடமில்லை. மோகன்குமார் நடுவில் நின்று எதையோ முணுமுணுத்தான்.

“கேக்கலை சார்” என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள்.

“இருங்க” என்றாள் வினிதா. செல்போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவை எடுத்தார்கள் போலிருக்கிறது. “அப்பா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கேளுங்க, போதும்” என்று சொல்லிவிட்டு, போனை மோகன்குமாரின் வாயருகே நீட்டினாள்.

“சத்தமா சொல்லுங்க சார். துறையூர் வரைக்கும் கேட்கணும்.”

அவன் சொன்னான். டிராயிங்கை அனுப்பியது தான்தான் என்றான். வினிதா அந்தக் காபிக் கடைக்கு வரவே இல்லை என்றான். கூட ஒரு ஆள் இருந்ததாகச் சொன்னது பொய் என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. “கேக்கலை” என்றாள் வினிதா. அதை மறுபடி சொன்னான்.

வினிதா போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் என்ன பேசினார்களோ, வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரிப்பா. ம். அழாதீங்க, மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடுங்க. ராத்திரி பஸ்ஸுக்கு நான் வரலை. நாளைக்கு எனக்கு வேலை இருக்கு.”

ரங்கம்மா டீத்தட்டோடு வந்தாள். வினிதாவுக்குக் கொடுத்தாள், ஜோதிமணிக்குக் கொடுத்தாள். மோகன்குமார் கையை நீட்டினான். அவனைத் தாண்டிக்கொண்டு போய் பாஸ்கரனிடம் நீட்டினாள். டம்ளர் விளிம்பில் அவள் கட்டைவிரலின் மஞ்சள் லேசாக ஒட்டியிருந்தது. பாஸ்கரனின் கை வழக்கம்போலப் பையிலிருந்த கைக்குட்டைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. அப்படியே வாங்கி, துடைக்காமல் குடித்தார்.